பழைய தோட்டத்தோடு வீடு வாங்கியவர்களுக்கு: நெல்லிக்குப்பம் சாலை நர்சரிக்காரர்களின் வேலை எப்படி?

வீட்டோடு சேர்ந்து ஒரு தோட்டமும் கைக்கு வந்து, அதை என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கும் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நெல்லிக்குப்பம் சாலையில் சின்னதாக ஒரு நர்சரி வைத்திருக்கும் கணவன் மனைவி, செடி விற்பதோடு வீட்டுக்கே வந்து பழைய தோட்டத்தைப் பார்க்கிறார்கள். எது என்ன செடி, எதை வைத்துக்கொள்ளலாம், எதை எடுக்கலாம், முக்கியமாக எப்போது எடுக்கலாம் என்று சொல்லி, வேலையையும் அவர்களே செய்து தருகிறார்கள். பெயரையும் போன் நம்பரையும் எழுத வேண்டாம் என்று அந்த அக்கா கேட்டுக்கொண்டார். அவர்கள் இரண்டு பேர், உதவிக்கு ஒரு பையன், அவ்வளவுதான். ஒத்துக்கொண்ட வீடுகளுக்கே சொன்ன நாளில் போக முடியவில்லையாம். அதனால் பெயர் இல்லாமல் எழுதுகிறேன். ஆனாலும் அவர்கள் வேலை செய்த விதத்தை விவரமாகச் சொன்னால், நீங்கள் வேறு யாரைக் கூப்பிட்டாலும் என்ன எதிர்பார்க்கலாம் என்றாவது தெரியும். சுருக்கமாகக் கேட்டால்: அருமையான வேலை, நியாயமான காசு, சொன்ன நேரத்துக்கு மட்டும் வரமாட்டார்கள்.

எங்கள் வீடு செம்மண்டலம் பக்கம். முன்பு இருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, தெருவில் எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. மகளோடு இருப்பதற்காகக் கோயம்புத்தூர் போய்விட்டார். போன சித்திரையில் நாங்கள் குடிவந்தோம். கிரயப் பத்திரத்தில் வழக்கம்போல "மாவடை மரவடை உட்பட" (அதாவது மரம், செடி எல்லாம் சேர்த்து) என்று எழுதித்தான் வாங்கினோம், ஆனால் அதில் என்னென்ன அடக்கம் என்று எந்தப் பத்திரமும் சொல்லாது. வீட்டுக்குப் பின்னால் மூன்று தென்னை, ஒரு பலா, ஒரு மா, மாடி உயரத்துக்குப் போய்விட்ட முருங்கை, எலுமிச்சையா நார்த்தையா என்று தெரியாத ஒரு முள் மரம், கொய்யா, கறிவேப்பிலை, சுவரை ஒட்டி அரளி, கிணற்றடியில் வெற்றிலைக்கொடி, அதற்கு நடுவே பிரண்டை, தூதுவளை, பெயர் தெரியாத கொடிகள். இது போக வெறும் மண்ணாகக் கிடந்த ஒரு பெரிய திட்டு. எல்லாவற்றின் மேலும் 2024 டிசம்பர் வெள்ளம் விட்டுப்போன வண்டல். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரி பக்கம் கரை கடந்ததும், ஒரே நாளில் அங்கே 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும், அதன் பிறகு சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டதில் பெண்ணையாறு பெருகி வந்ததும் இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வீட்டைக் கழுவி வெள்ளையடித்துக் கொடுத்திருந்தார்கள். தோட்டத்தை யாரும் தொடவில்லை.

முதலில் வேறு ஒருவர் வந்தார். காலிமனை சுத்தம் செய்து தருகிறவர். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு, ஜேசிபி உள்ளே வர சுவரில் பத்தடி இடிக்க வேண்டும், ஒரே நாளில் எல்லாவற்றையும் வழித்துவிட்டு பேவர் பிளாக் போட்டுவிடலாம், பலா மரத்தை எனக்குக் கொடுத்துவிட்டால் கூலியில் கழித்துக்கொள்கிறேன் என்றார். பலா மரத்துக்கு என்ன விலை என்று தெரிந்தவர்தான் அப்படிக் கேட்பார். கதவு நிலைக்கும் வீணைக்கும் போகிற மரம் அது. என் கணவருக்குப் பாம்பு பயம், பையன் விளையாட இடம் வேண்டும் என்ற எண்ணம் வேறு, அவர் பாதி சம்மதித்துவிட்டார். பக்கத்து வீட்டு அத்தைதான், "அந்தப் பலாவை வெட்டாதம்மா, டீச்சரம்மா கண்ணு மாதிரி வளத்தது, நர்சரியில ஒரு பொண்ணு இருக்கா, அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அப்புறம் என்ன வேணா பண்ணு" என்று சொல்லி இவர்களைக் கைகாட்டினார்.

முதல் முறை வந்து பார்ப்பதற்கு 500 ரூபாய். வேலை கொடுத்தால் அதைக் கூலியில் கழித்துவிடுகிறார்கள். அக்கா மட்டும்தான் வந்தார், கையில் அரிவாள்கூட இல்லை, ஒரு நோட்டும் நைலான் கயிற்றுத் துண்டுகளும்தான். தோட்டத்துக்குள் போவதற்கு முன்னாலேயே அவர் கேட்ட முதல் கேள்வி, "முன்ன இருந்தவங்க நம்பர் இருக்கா?" என்பது. இருக்கிறது என்றதும் அங்கேயே நின்று போன் போடச் சொன்னார். டீச்சரம்மாவும் அக்காவும் ஏதோ பழைய சிநேகிதிகள்போலப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மரத்தடியாக நடந்து, எப்போது வைத்தது, எங்கே வாங்கியது, கடைசியாக எப்போது உரம் போட்டது, காய்ப்பு எப்படி, எந்த மாசம், என்று கேட்டுக் கேட்டு நோட்டில் படமாகப் போட்டுக்கொண்டார். இந்த சேவையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வீடு வாங்கும்போது நாம் மோட்டார் எந்தக் கம்பெனி, போர் எத்தனை அடி என்றெல்லாம் கேட்கிறோம், மரங்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. அந்த ஒரு போன் காலில் தெரியவந்தவற்றை நாங்களாகக் கண்டுபிடித்திருக்க இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும்.

அந்த முள் மரம் நார்த்தை. பலா, 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் பழைய மரங்கள் எல்லாம் விழுந்த பிறகு வைத்தது, பாலூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகத்து ஒட்டுக்கன்று. தானேயில் இந்த மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் எவ்வளவு போனது என்பது பண்ருட்டிப் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த வருஷம் விழுந்ததற்குப் பதிலாக வைத்த கன்று என்று கேட்டதும் என் கணவரே பேசாமல் போய்விட்டார். வெற்றிலைக்கொடிக்கு அடியில் செப்டிக் டேங்க் மூடி இருக்கிறது என்பதும் அந்த போனில்தான் தெரிந்தது. அப்புறம், வெறும் மண்ணாகக் கிடந்த அந்தத் திட்டு. அங்கேதான் நாங்கள் பையனுக்கு ஊஞ்சல் போட மண்ணைக் கொத்தி சிமெண்ட் போடலாம் என்று நினைத்திருந்தோம். "அங்கதாம்மா எல்லாம் தூங்குது" என்றார் டீச்சரம்மா. சேனை, மஞ்சள், வேலி ஓரமாகச் செங்காந்தள். சேனையும் மஞ்சளும் தை வாக்கில் இலை காய்ந்து மேலே ஒன்றுமே தெரியாமல் போய்விடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் இருக்கும், கோடை மழைக்கு அப்புறம்தான் முளை தலைகாட்டும். காந்தளும் அப்படியே, அது மேலே வந்து பூப்பது மழைக்காலத்தில். சித்திரையில் வீடு மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது, அந்த மாசத்தில் காலி இடம்போலத் தெரிகிற இடத்தில்தான் பாதித் தோட்டம் இருக்கிறது.

காந்தளைப் பற்றி அக்கா ஒரு எச்சரிக்கையும் சொன்னார்: அதன் கிழங்கு கடும் விஷம். சேனைக்குப் பக்கத்திலேயே அது இருப்பதால், கிழங்கு தோண்டும்போது தெரியாதவர்கள் கையில் கொடுத்துவிடக்கூடாது என்று வேலி ஓரம் முழுக்க சிவப்புக் கயிறு கட்டிவிட்டார். வைத்துக்கொள்ள வேண்டியதற்குப் பச்சைக் கயிறு, எடுக்க வேண்டியதற்கு மஞ்சள், ஒரு வருஷம் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டியதற்கு வெள்ளை, தொடும்போது கவனம் வேண்டியதற்குச் சிவப்பு. வெள்ளைக் கயிறுதான் அதிகம் கட்டினார்.

அன்றைக்கு ஒரு கிளைகூட வெட்டவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான், 500 ரூபாய் வாங்கிக்கொண்டு கயிறு கட்டிவிட்டுப் போகிறாரே என்று. கேட்டதற்கு, "கத்திரி வெயில் வரப்போவுது, இப்ப கிளைய கழிச்சா நிழல்ல இருந்த பட்டையெல்லாம் வெந்து வெடிச்சிடும், அதுல பூச்சி எறங்கும். ஆடி வரட்டும்" என்றார். கூலி வருகிற வேலையை வேண்டாம் என்று தள்ளிப்போடுகிற ஆள் எனக்குத் தெரிந்து ரொம்பக் குறைவு. அந்த வார்த்தையில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

வெயில் காலத்திலேயே செய்தே ஆக வேண்டும் என்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று, பலாவுக்கு அடியில் இருக்கும் வண்டலை எடுப்பது. வெள்ளம் வந்து போன வீடுகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். ஆற்று வண்டல் நல்ல உரம் என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம், வயலுக்கு அது சரி. வளர்ந்த மரத்தின் தூரைச் சுற்றி முக்கால் அடிக்கு அது படிந்து இறுகிப்போனால், மேல்மண்ணில் இருக்கிற வேருக்குக் காற்று போகாது, மூடிக்கிடக்கிற பட்டை ஈரத்தில் அழுகும். பலா பொதுவாகவே தண்ணீர் தேங்கினால் தாங்காத மரம். எங்கள் மரம் இலை மஞ்சளித்து உச்சியில் நுனிக்கிளைகள் காய்ந்துபோய் இருந்தது, நாங்கள் அதை வயசான மரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் (அக்காவின் கணவர்) அந்தப் பையனோடு வந்து, மண்வெட்டியை ஆழமாக இறக்காமல் மேலாக மேலாகச் சீவி, பழைய தரைமட்டம் தெரியும் வரை எடுத்தார். தூர்ப் பக்கத்தில் கையாலேயே வழித்தார். தண்ணீர் வடிய ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி வாசல் பக்க சாக்கடையில் சேர்த்தார். வேப்பம் பிண்ணாக்கும், மக்கிய சாணத்தில் கலந்து வைத்த டிரைக்கோடெர்மா விரிடியும் (வேரழுகலைத் தடுக்கிற ஒரு நல்ல பூசணம்) போட்டு மூடாக்கு போட்டார். எடுத்த வண்டலை வெளியே கொட்டவில்லை, இலைச்சருகோடு கலந்து கீரைப் பாத்திக்கு வைத்துவிட்டார்கள். அந்தப் பாத்தியில் சிறுகீரையும் தண்டுக்கீரையும் வந்த வரத்தைப் பார்த்தால் வண்டலுக்கு உண்டான பெயர் சும்மா வந்ததில்லை என்று தெரிகிறது, இடம்தான் மாற வேண்டியிருந்தது.

பலாவில் இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். தண்டிலேயே அங்கங்கே குச்சி குச்சியாக, இரண்டு இலையோடு நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, சாதாரணமாக மரம் "சுத்தம்" பண்ண வருகிறவர்கள் முதலில் அதைத்தான் சீவித் தள்ளுவார்கள், பார்க்க அலங்கோலமாக இருக்கிறது என்று. பலா காய்ப்பதே அந்தக் குச்சியில்தான். அதைச் சீவினால் அடுத்த வருஷக் காய் போயிற்று. அதேபோல மார்கழி, தை வாக்கில் விரல் நீளத்துக்குக் கருத்துக் கருத்துக் கொட்டுவதைப் பார்த்து பிஞ்சு உதிர்கிறது, மருந்தடி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதில் பெரும்பாலானவை ஆண் பூக்கள், வேலை முடிந்ததும் அவை கருத்துத்தான் விழும். இந்தத் தையில் எங்கள் வீட்டில் அப்படியே விழுந்தது, மாமியார் பதறிப்போனார், எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்போது தண்டில் காய் பிடித்திருக்கிறது. எத்தனை தேறும் என்று சொல்ல முடியாது, ஆனால் மரம் துளிர்த்துவிட்டது, அதுவே போதும்.

தென்னைக்கு வருவோம். மூன்று மரத்திலும் கீழ்மட்டைகள் எல்லாம் கரி பூசியதுபோல இருந்தன, அடியில் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகச் சுருள். சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்து, அப்புறம் எல்லா இடத்துக்கும் பரவியது. கருப்பு என்பது நோய் இல்லை, ஈ விடுகிற தேன்போன்ற கழிவில் வளர்கிற பூசணம். மருந்துக் கடையில் கேட்டால் வீரியமான பூச்சிமருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அக்கா அதை வேண்டவே வேண்டாம் என்றார். இந்த ஈயைத் தின்கிற, அதன் குஞ்சில் முட்டை வைக்கிற என்கார்சியா குளவி தானாகவே வரும், மருந்தடித்தால் முதலில் சாவது அதுதான். விசைப் பம்பு வைத்து மட்டையின் அடிப்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சினார்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிட்டார்கள், கரும்பூசணத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கணக்கில் மைதா காய்ச்சித் தெளித்தார்கள். பசை காய்ந்து உரியும்போது கருப்பும் அதோடு உரிந்து விழுகிறது. ஈ முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், புதிய மட்டைகள் சுத்தமாக இருக்கின்றன. காண்டாமிருக வண்டுக்கு வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் ஒன்றுக்கு இரண்டாகக் கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்கில் வைத்தார்கள். உரத்துக்கு வேளாண் பல்கலைக்கழகக் கணக்குதான், மரத்துக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, தொழு உரம் 50 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 5 கிலோ, அதை ஆனி ஆடியில் பாதியும் மார்கழி தையில் பாதியுமாகப் பிரித்து, தூரிலிருந்து ஆறடி தள்ளி வட்டமாக வைக்க வேண்டும். தூரிலேயே கொட்டுவது வீண். தென்னை ஏறுவதற்கு வேறு ஆள் வருகிறார், மரத்துக்கு 150 ரூபாய், அது இவர்கள் கூலியில் சேராது. முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

சொன்ன மாதிரி ஆடியில்தான் கத்தியை எடுத்தார்கள், அதுவும் ஒரே மூச்சில் இல்லை. கறிவேப்பிலையை இடுப்பளவுக்கு நுனி வெட்டினார்கள், இப்போது ஒரே தண்டாக நின்றது புதராகப் பிரிந்திருக்கிறது, எட்டிப் பறிக்கத் தேவையில்லை. காய்ப்பு ஓய்ந்ததும் முருங்கையை மூன்றடிக்கு இறக்கினார்கள், அதைப் பார்த்து மாமியார் ஒரு நாள் முழுக்கச் சரியாகப் பேசவில்லை. ஆனால் முருங்கை காற்றுக்குத் தாங்காத மரம், மாடி உயரத்துக்கு விட்டுவைத்தால் ஐப்பசிக் காற்றில் பக்கத்து வீட்டு ஓட்டின்மேல்தான் விழும். மாவின் நடுவில் நெருக்கமாக ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்த கிளைகளை மட்டும் எடுத்து, காற்று ஊடே போக வழி விட்டார்கள். புரட்டாசி முடிவதற்குள் தென்னையில் காய்ந்த மட்டையும் கனமான குலைகளும் இறக்கியாயிற்று. கடலூரில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு டிசம்பர் மாசத்தை மனசில் வைத்துக்கொண்டுதான் எந்த வேலையும் நடக்க வேண்டும் என்பதை இவர்கள் நன்றாக உணர்ந்திருக்கிறார்கள், வெளியூர் வீடியோக்களைப் பார்த்துத் தோட்டம் போடுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை. வாசலில் ஒரு குண்டுமல்லிப் புதர் கட்டையாகக் கிடந்தது. நவம்பர் கடைசியில் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, உரம் வைத்து, ஒரு மாசம் தண்ணீரைக் குறைக்கச் சொன்னார்கள். மாசியிலிருந்து மொட்டு.

சரி, குறைகள். அவற்றையும் சொல்ல வேண்டும்.

நேரம். காலை ஏழு மணி என்றால் பத்தரை, திங்கள் என்றால் புதன். போன் எடுக்கமாட்டார்கள், அவர்களாகக் கூப்பிடுவார்கள். வேலைக்குப் போகிற வீட்டில் இது பெரிய தொந்தரவு, என் கணவர் ஒரு முறை அரை நாள் லீவு போட்டுக் காத்திருந்து அவர்கள் வரவே இல்லை. அப்புறம் கழிவு. வெட்டிப்போட்ட கிளையையும் மட்டையையும் அவர்கள் எடுத்துப்போவதில்லை, குப்பை வண்டியும் இவ்வளவு கிளையை ஏற்றிக்கொள்ளாது. ஒரு மினி வேன் பிடித்து அனுப்பத் தனியாக 1,200 ரூபாய் ஆனது. கொஞ்சத்தை நறுக்கி மூடாக்காகப் போட்டுக் கொடுத்தார்கள், ஆனால் இதை அவர்கள் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பில் கிடையாது, நோட்டில் எழுதிக் காட்டுவதோடு சரி.

மருந்தே தொடமாட்டேன் என்ற பிடிவாதம் தென்னைக்குச் சரியாக இருந்தது, செம்பருத்திக்கு இல்லை. மாவுப்பூச்சி முற்றிய செடியில் வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்து தெளித்துத் தெளித்துப் பார்த்தார்கள், ஒரு மாசம் போனது, பக்கத்துச் செடிக்கும் ஏறியது. கடைசியில் இரண்டு செம்பருத்தியை அடியோடு வெட்டி எடுத்த பிறகுதான் அடங்கியது. ஆரம்பத்திலேயே முற்றிய கிளைகளை வெட்டி எடுத்திருந்தால் செடியாவது மிஞ்சியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். முருங்கையில் மழைக்குப் பிறகு கம்பளிப்பூச்சி கூட்டமாகத் தண்டில் அடைந்தபோது அதே சோப்புத் தண்ணீர் நன்றாகவே வேலை செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அரளி விஷயத்தில் அக்காவுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. சுவரோரத்தில் சிவப்பு அரளியும், நடைபாதை பக்கத்தில் மஞ்சள் பூ பூக்கிற பொன்னரளியும் இருந்தன. இரண்டும் விஷம்தான், பொன்னரளிக் கொட்டை இன்னும் மோசம், அது உருண்டையாக விழுந்து கிடந்தால் விளையாடுகிற பிள்ளை கையில் எடுக்காமல் இருக்குமா? அக்கா, "சாமிக்கு பூ பூக்குதும்மா, புள்ளைகிட்ட சொல்லி வளக்கலாம்" என்றார். ஏழு வயசுப் பையனிடம் சொல்லி வளர்ப்பதில் எனக்கு நம்பிக்கை உண்டு, அவன் கூட்டிவருகிற நாலு வயசுப் பிள்ளைகளிடம் யார் சொல்வது? பொன்னரளியை எடுக்கத்தான் வேண்டும் என்று நின்றேன். எடுத்துவிட்டார்கள், முகத்தைச் சுளிக்காமல், வேரோடு. வெட்டிய கிளையை எரிக்கக்கூடாது, புகையும் ஆகாது என்று தனியாகக் கட்டி அனுப்பினார்கள். சிவப்பு அரளியை நான் விட்டுவிட்டேன், அது பிள்ளைகள் போகாத பக்கம். உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், மரம் காப்பாற்றுகிறவர் சொல்கிறார் என்பதற்காக இந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று, அவர்கள் நர்சரி வைத்திருப்பவர்கள் என்பதை மறக்கக்கூடாது. காலியான இடத்துக்கெல்லாம் ஒரு ஒட்டுக்கன்று வைக்கலாம் என்று சொல்வார்கள். நாங்கள் வாங்கிய எலுமிச்சைக் கன்று ஒன்று பட்டுப்போனது, கேட்டவுடன் வேறு கொடுத்தார்கள், அதில் குறை இல்லை. ஆனால் முதல் வருஷத்தில் புதுச் செடி எதுவும் தேவையில்லை என்று நான் நினைக்கிறேன். மழை விழுந்ததும் அந்தத் திட்டில் எங்கிருந்தெல்லாமோ முளைத்து வந்ததைப் பார்த்த பிறகு இப்படிச் சொல்கிறேன். சேனை குடை விரித்தது, மஞ்சள் வரிசையாக எழுந்தது, டீச்சரம்மாவே மறந்துபோயிருந்த மழை லில்லி நடைபாதை ஓரம் முழுக்கப் பூத்தது. ஐப்பசியில் காந்தள் வேலிமேல் ஏறிப் பூத்தபோது போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன், உடனே போன் செய்து அழுதுவிட்டார். வீட்டை விற்றபோது வராத அழுகை இப்போது வருகிறது என்றார். நார்த்தங்காய் பழுத்ததும் ஒரு பை நிறைய உப்புப் போட்டு ஊறவைத்து, காயவைத்து, கூரியரில் அனுப்பினோம். பணம் கொடுத்து மண்ணை வாங்கலாம், பத்துப் பதினைந்து வருஷம் ஒருவர் தினமும் தண்ணீர் ஊற்றியதை வாங்க முடியாது, அது நமக்கு சும்மா வந்திருக்கிறது என்பதை நான் மனசாரச் சொல்கிறேன். அதனால்தான் ஜேசிபிக்காரர் கேட்டதைவிடக் கூடுதலாகவே செலவானாலும் எனக்கு வருத்தமில்லை.

செலவு என்று பார்த்தால் அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஆளுக்கு நாளுக்கு 900, பையனுக்கு 600, சாப்பாடு அவர்களே கொண்டுவருவார்கள், டீ மட்டும் நாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது அக்காவின் கண்டிப்பு, அதைக் குறைத்துப் பேசாதீர்கள், பேசினால் எழுந்து போய்விடுவார். பிண்ணாக்கு, உரம் விலை தனி. இப்போது மாசம் ஒரு முறை வந்து பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அதற்கு 700.

போன் செய்வதைவிடக் காலை ஒன்பது மணிக்குள் நர்சரிக்கே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவது நல்லது, அதற்கு அப்புறம் இருவரும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். நெல்லிக்குப்பம் சாலையில் விசாரித்தால் அக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. ஐப்பசி நடுவிலிருந்து பொங்கல் வரை புது வீடுகளை ஒத்துக்கொள்வதில்லை, மழையும் புயலும் பார்த்து ஏற்கெனவே பார்க்கிற வீடுகளுக்கு மட்டும்தான் போவார்கள். ஆகவே பெரிய மரம் உள்ள வீடு என்றால் ஆனியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள், ஆடியில் கவாத்து, புரட்டாசிக்குள் தென்னை என்று நடந்துவிடும். போகும்போது பழைய வீட்டுக்காரர்களின் போன் நம்பரையும் எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்.